என்ன சொல்லி அழுதாள்?

திங்கட்கிழமை, மனு நாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கலாம். மயிலாடும்பாறைக்கும் மேலே ஒரு ஊர். கையில் மஞ்சப்பை, அதற்குள் மடித்து மடித்து ஓரம் நைந்துபோன தீர்வை ரசீதுகள். முறை வந்ததும் அவர் சொன்னது இது. வீட்டுக்காரர் செத்து இரண்டு வருசம். இரண்டு பேரும் சேர்ந்து வைத்து வளர்த்த இலவமரம் பதினெட்டு நிற்கிறது. அந்த மரங்களுக்குப் போகிற வண்டிப்பாதையை வீட்டுக்காரரின் அண்ணன் மக்கள் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். போன பங்குனியில் காய் வெடித்துப் பஞ்சு காற்றோடு போயிற்று. இந்தப் பங்குனியிலும் போகப்போகிறது. வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்த அன்றைக்கு இதே பிள்ளைகள்தான் இதே பாதையில் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒப்பாரி வைக்காம விஷயத்தச் சொல்லும்மா."

அந்த அம்மா அழவில்லை. குரல்கூட உயரவில்லை. எத்தனை மரம், எந்த மாதம், யார் அடைத்தது, எதனால் அடைத்தது என்று விஷயத்தைத் தவிர வேறெதையும் அவர் பேசவில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல் விழுந்ததும் அவர் வாய் மூடிக்கொண்டது. மனுவை நீட்டிவிட்டு நகர்ந்தார்.

நான் தேனி மாவட்டத்து வருசநாட்டில் பிறந்தவன். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவன். அந்தச் சொல்லை இப்படிக் கதவு சாத்தப் பயன்படுத்துவதை எங்கெங்கும் கேட்கிறேன். தொலைக்காட்சி விவாதத்தில் எதிர்த்தரப்பு கணக்குக் கேட்டால் 'ஒப்பாரி வைக்கிறார்கள்' என்று பதில் வரும். ஐந்து வருடம் கழித்து ஆட்சி மாறினால், சொன்னவர் அதே சொல்லைக் கேட்டுக்கொள்வார். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் காட்டில் மாடு மேய்ப்பதற்கு உயர் நீதிமன்றம் தடை சொன்னது. பிறகு அந்தத் தடை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. எங்கள் பக்கத்து மலைமாட்டுக்காரர்கள் 'அப்போ நாங்க எங்க போறது' என்று கேட்டபோது, காட்டின் மேல் உண்மையான அக்கறை உள்ள நண்பர்கள் சிலரே என்னிடம் சொன்னார்கள்: "எதுக்கெடுத்தாலும் ஒப்பாரிதான் உங்க ஊர்ல." காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு சொல்லை எறிந்ததில்தான் மறுப்பு.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கருத்து உறுதியாக உட்கார்ந்திருக்கிறது. ஒப்பாரி என்பது அடக்கமற்ற உணர்ச்சி, கட்டவிழ்த்துவிட்ட அழுகை, அறிவு வேலை செய்யாத இடத்தில் எழும் சத்தம் என்று அது சொல்கிறது. அதே மூச்சில், ஒப்பாரி ஒரு வேஷம், கண்ணீரே வராமல் ராகம் போட்டுக் காட்டும் நடிப்பு என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒரே ஆள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அடக்க முடியாமல் பீறிடுவது நடிப்பாக இருக்க முடியாது. திட்டமிட்ட நடிப்பு அடக்கமற்றதாக இருக்க முடியாது. குற்றச்சாட்டுகள் இப்படி ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன என்றால், சொல்பவர் ஒரு முறைகூட உட்கார்ந்து கேட்டதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் பெண்கள் 'ஒப்பாரி பாடினாள்' என்று சொல்வது குறைவு. 'ஒப்பு வச்சு அழுதா', 'ஒப்புச் சொல்லி அழுதா', 'சொல்லி அழுதா' என்பார்கள். ஒப்பு என்றால் இணை, உவமை. செத்தவரை எதற்கு இணையாகச் சொல்வது, தன் நிலையை எதற்கு இணையாகச் சொல்வது என்பதுதான் அங்கே வேலை. இதே 'ஒப்பு' இன்னொரு இடத்திலும் நம் வாயில் இருக்கிறது: ஒப்புக்குச் சிரித்தான், ஒப்புக்கு வந்துபோனான். அங்கே அது பேருக்குச் செய்வதைக் குறிக்கிறது. ஒப்புக்கு அழுவது வேறு, ஒப்பு வைத்து அழுவது வேறு. இந்த இரண்டையும் காது குழப்பிக்கொண்டதால்தான் ஒப்பாரி என்றதும் போலி என்ற நினைப்பு எளிதாக ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

கேத வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணிடம் எங்கள் ஊரில் மற்றப் பெண்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வாசற்படி ஏறும்போதே கேட்பார்கள். "மூத்தவ என்ன சொல்லி அழுதா?" எவ்வளவு அழுதாள் என்று யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை. என்ன சொல்லி என்பதுதான் கேள்வி. என் அப்பத்தா அதற்குப் பதில் சொல்லும்போது ராகம் இருக்காது, கண்ணீர் இருக்காது. வரிகளை மட்டும் ஒப்பிப்பார். நடுவில் ஒரு சொல் தவறினால் நிறுத்தி, யோசித்து, திருத்திக்கொள்வார். நாலைந்து வரியில் ஒரு வீட்டின் பத்து வருடக் கதை வந்துவிடும். எந்த அண்ணன் சீர் செய்யவில்லை, எந்த மருமகள் கஞ்சி ஊற்றவில்லை, எந்த மகன் ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போனவன் மூன்று வருடமாகத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாம் வரும். பெண்கள் கேட்டுவிட்டு 'ஊம்' என்பார்கள். அந்த 'ஊம்' ஒரு தீர்ப்பு.

அடக்கமற்றது என்ற குற்றச்சாட்டுக்கு நேராக வருகிறேன். கேத வீட்டில் எப்போது அழுவது என்பதற்கு முறை இருக்கிறது. தெருமுனையில் இறங்கும் உறவுக்காரப் பெண்கள் அங்கிருந்தே குரல் எடுத்து வருவார்கள். உள்ளே இருப்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டு, யார் வருகிறார்கள் என்று அறிந்து, எழுந்து எதிர்கொள்வார்கள். கழுத்தைக் கட்டி, தலையோடு தலை சாய்த்து, இருவராக, நால்வராக வட்டம் கூடும். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவள் அதே வரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுப்பாள். வெள்ளி என்றவள் அடுத்த முறை தங்கம் என்பாள். மலையடிவாரம் என்றவள் மலையுச்சிக்கு ஏறுவாள். முதல் அடி உயர்த்தும், இரண்டாம் அடி கீழே போடும். எதுகையும் மோனையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்து விழும். வரியின் கடைசியில் மூச்சு உடையும் இடம்கூடக் கணக்கோடு இருக்கும், அங்கேதான் அடுத்தவள் நுழைய வேண்டும். பொறந்த வீட்டுக் கோடி வரும்போது குரல் ஏறும். நீர்மாலை எடுத்து வரும்போது ஏறும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும்போது ஏறும். தேர் தெருவைத் திரும்பியதும் நின்றுவிடும்.

முறை வைத்து அழுவதிலும் பிசகக் கூடாது. அப்பனுக்கு அழும் மகளின் சொல் வேறு, புருசனுக்கு அழுபவளின் சொல் வேறு. 'என்னப் பெத்த' என்று தொடங்கும் உரிமை யாருக்கு உண்டு, மாமியாருக்கு மருமகள் எந்த முறையில் விளிக்கலாம், கொழுந்தனுக்கு மதினி எந்த அளவுக்குப் போகலாம் என்பதெல்லாம் பெண்களுக்குத் தெரியும். மாற்றி விளித்தவளை வருடக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள். செத்தவரை நேராகத் திட்டக் கூடாது. ஆனால் அவர் செய்யாமல் விட்டதை ஒப்பில் வைத்துச் சொல்லலாம். உயிரோடு இருப்பவரின் பெயரை எடுக்கக் கூடாது. ஆனால் யார் என்று வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அத்தனை ஆண்களுக்கும் தெரியும்படி சொல்ல வேண்டும். இவ்வளவு விதிக்குள் நின்று, பிணத்துக்கு முன்னால், அந்த நிமிடத்தில் சொற்களைக் கட்டுகிறவளை அடக்கமற்றவள் என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

'இவ்வளவு அழுதவள் அடுத்த நிமிடம் வெத்தலை போடுகிறாளே, வந்தவருக்குக் காபி கொடுத்தாச்சா என்று கேட்கிறாளே' என்பார்கள். போலி என்பதற்கு இதுதான் எப்போதும் சொல்லும் சாட்சி. அவள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. வந்தவரைக் கவனிக்கும் பொறுப்பும் அவளுடையதுதான். ஒரு வேலையைச் செய்து முடித்து, அடுத்த வேலைக்குப் போகிறாள், திரும்ப இதற்கு வருகிறாள். நாதஸ்வரக்காரர் சீவாளியை மாற்றும் இடைவேளையில் தண்ணீர் குடித்தார் என்பதற்காக, சற்று முன் அவர் வாசித்த முகாரி பொய் என்று யாரும் சொல்வதில்லை. துக்கம் நெஞ்சில் இருக்கிறது. ஒப்பாரி அந்தத் துக்கத்தைப் பிறர் கேட்கும்படி ஆக்கும் கைவேலை. கைவேலை தெரிவதால் துக்கம் இல்லை என்று ஆகாது.

படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஏனென்றால் இதே காரியத்தைத் தமிழ்ப் புலவர்கள் செய்தபோது அதற்குக் கையறுநிலை என்று துறைப்பெயர் வைத்துப் பாடமாக்கியிருக்கிறோம். புறநானூற்றின் 112-ஆவது பாட்டு, பாரி மாண்டபின் அவன் மகளிர் பாடியது. ஐந்தே அடி. போன மாதத்து நிலவில் அப்பனும் இருந்தான், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவில் மலையும் போயிற்று, அப்பனும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. அன்றைக்கு இப்படி, இன்றைக்கு இப்படி. வருசநாட்டுக் கேத வீட்டில் அப்பனை இழந்த எந்த மகளும் எடுக்கிற கட்டுமானம் இதுதான். பாரியின் அதே பறம்பு மலைக்காகக் கபிலர் பாடினால் இலக்கியம். ஆண்கள் சட்டமன்றத்தில் எழுந்து நின்று படிக்கும் இரங்கல் தீர்மானத்துக்கும் சூத்திரம் உண்டு, அதற்கும் கண்ணீர் தேவையில்லை, இரண்டு நிமிடம் என்று அளவுகூட உண்டு. அதை யாரும் ஒப்பாரி என்று சொன்னதில்லை. எழுத்தில் இருந்தால் இரங்கற்பா, பெண் வாயில் இருந்தால் சத்தம் என்று பிரித்துவைத்திருக்கிறோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டைச் சொல்லும்போது அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் தன்னை இகழ்வது, உறவையோ உடைமையையோ இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. இந்த நான்கில் சாவு ஒன்றின் ஒரு பகுதிதான். மற்றவையெல்லாம் வாழ்கிறவருடைய வழக்குகள். பாதை அடைபட்டுப் பதினெட்டு மரத்துப் பஞ்சை இழந்த அம்மாவுக்கு நான்குமே பொருந்தும். அந்த மேசையில் கேட்ட சொல்லையும் சேர்த்தால் இளிவும் கணக்கில் வந்துவிடுகிறது.

உண்மையில் அந்த அலுவலர் ஒன்றைச் சரியாகவே இனம் கண்டார். அந்த அம்மா பேசியது ஒப்பாரியின் கட்டில்தான். தோளில் தூக்கி ஓடிய பாதை, முள் போட்ட பாதை: முதல் அடி உயர்த்தியது, இரண்டாம் அடி கீழே போட்டது. தலைமுறை தலைமுறையாக அவருக்கு வாய்த்த ஒரே வழக்காடும் முறை அது. அந்தக் கட்டுக்குள்தான் விஷயம் இருக்கிறது என்பது அலுவலருக்குத் தெரியவில்லை. இரண்டையும் பிரித்துத் தரச் சொன்னார்.

கூடலூருக்கு மேலே, தமிழ்நாடும் கேரளமும் சேரும் மலையில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் மக்களை விடுவார்கள். பளியன்குடியிலிருந்து நடந்தே ஏறுகிற கூட்டத்தில் சிறுவயதில் நானும் போயிருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அந்த மலையைக் கையெடுத்துக் கும்பிடும். அந்தத் தெய்வம் யார் என்று பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் கணவனின் உடலைக் கண்டு மதுரைத் தெருவில் ஊர் கேட்க அழுதவள் அவள். அதே அழுகையோடு அரண்மனை வாசலுக்குப் போகிறாள். வாயிற்காவலன் கண்ணில் பட்டது ஆவேசம் மட்டுமே. கொற்றவையா, காளியா என்று மிரண்டு உள்ளே ஓடுகிறான். அரசன் மட்டும் உள்ளே வரச்சொல்லி, யார் நீ என்று கேட்டான். கேட்ட உடனே அவள் வாயிலிருந்து வந்தவை விவரங்கள்: ஊர் எது, மாமனார் யார், கணவன் பெயர் என்ன, எதற்கு மதுரை வந்தான், எதை விற்க வந்தான், எப்படிச் செத்தான், தன் பெயர் என்ன. பிறகு சிலம்பின் பரல். தெருவில் அழுதவளும் அவையில் வழக்குரைத்தவளும் ஒருத்திதான். நடுவில் அவள் மாறிவிடவில்லை. காவலன் சத்தத்தைக் கேட்டான், அரசன் சொல்லைக் கேட்டான். அரசன் தவறு செய்தவன்தான், ஆனால் கேட்டவன். இளங்கோவடிகள் அந்தக் காதைக்கு வழக்குரை காதை என்றே பெயர் வைத்தார்.

ஒப்பாரி வெறும் உணர்ச்சி வெளிப்பாடு என்பவர்களுக்கு எங்கள் வட்டாரத்திலிருந்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கைகூசுகிறது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, வருசநாடு என்று இந்த வட்டாரத்தில் பெண் சிசுக்களைக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. 1986-இல் பத்திரிகைகள் எழுதின. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்து, 2001-இல் தேனிக்கும் வந்தது. 1994-இல் பாரதிராஜா 'கருத்தம்மா' எடுத்தார். அந்தக் குழந்தைகளுக்குக் கேதம் இல்லை, கொட்டு இல்லை, கோடி இல்லை. பெற்றவள் நெஞ்சில் துக்கம் இல்லாமல் இருந்திருக்காது. ஒப்பாரி என்பது துக்கம் தானாகப் பீறிடுவதுதான் என்றால் அந்த வீடுகளில்தான் அது பெரிதாக எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஏனென்றால் ஒப்பாரி நாலு பேர் முன்னால் சொல்வது, சொன்னால் கேள்வி வரும். எது மறைக்கப்பட வேண்டுமோ அதற்கு ஒப்பாரி வைக்க விடமாட்டார்கள்.

இஸபெல் கிளார்க்-டெசே என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒப்பாரியைக் கேட்டு ஆராய்ந்து 2005-இல் ஒரு நூல் வெளியிட்டார். செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று பொருள்படும் தலைப்பு. அழும் பெண் தன் கதையைத்தான் சொல்கிறாள் என்பது அவர் கண்டது. இதைப் படித்த சிலர், 'பார்த்தீர்களா, அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், செத்தவர் மேல் பாசமில்லை' என்று திருப்புகிறார்கள். அது தவறான வாசிப்பு. உயிரோடு இருக்கும் யாரிடமும் சொல்ல முடியாததைச் செத்தவரிடம்தான் சொல்ல முடியும். அவர் குறுக்கே பேசமாட்டார், அடிக்கமாட்டார், 'ஊர் சிரிக்குதுடி' என்று வாயை அடைக்கமாட்டார். வெளியே உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பிகளாலும் அன்றைக்கு ஒரு நாள் அடக்க முடியாது. பாகத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று எழுதிக்கொடுக்கச் சொன்ன அண்ணன்மார்கள், அப்பன் பிணத்துக்கு முன்னால் தங்கை அதையே ஒப்பில் வைத்துச் சொல்லும்போது தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு 1989-இல் சட்டமாயிற்று. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அந்த வழக்கு கேத வீடுகளில் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு எதிரான வாதங்களில் உண்மையில் கனமானது ஒன்றுதான். அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஒப்பாரியைப் போற்றுகிறவர்கள் அதில் இருந்த சாதியைப் பேசுவதில்லை என்பது அது. பெரிய வீட்டில் இழவு விழுந்தால் சேரியிலிருந்து பெண்கள் வந்து, வாசலுக்கு வெளியே நின்று, மாரடித்து அழ வேண்டும் என்று இருந்தது. கொட்டு அடிப்பது, இழவு சொல்லப் போவது, குழி வெட்டுவது போலவே அதுவும் சாதி சுமத்திய வேலை. கூலியாக நெல்லோ சில்லறையோ விழும். அந்த வேலையைச் செய்யமாட்டோம் என்று தலித் மக்கள் மறுத்ததும், மறுத்ததற்காக அடிபட்டதும் நம் வரலாறு. அந்த மறுப்பு முழுக்க நியாயமானது. அந்த வழக்கம் எங்கே மிச்சமிருந்தாலும் அழிய வேண்டும். நான் காக்கச் சொல்வது அதை அல்ல.

ஆனால் 'கூலிக்கு மாரடிக்கிறவன்' என்று நாம் சொல்லும் வசவைக் கவனியுங்கள். அழவைத்தவன் மேல் விழ வேண்டிய பழி அழுதவள் மேல் விழுகிறது. அடுத்தவன் வீட்டுப் பிணத்துக்கு அழக் கட்டாயப்படுத்தப்பட்ட பெண் அங்கே எதைச் சொன்னாள் என்பதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் பறையர் பெண்களின் அழுகைப் பாடல்களை எழுத்தெழுத்தாக ஆராய்ந்தார். தாழ்த்தப்பட்ட தங்கள் வாழ்வையே அவர்கள் அந்தப் பாட்டுக்குள் வைத்திருந்தார்கள். 2021-இல் பாடகர் அறிவு தன் பாட்டியின் வாழ்க்கையை எடுத்து 'எஞ்சாய் எஞ்சாமி' எழுதியபோது, ஒப்பாரியின் குரலைத்தான் அதற்குள் கொண்டுவந்தார். கொட்டு அடிமை வேலையாக இருந்தது; அதே கொட்டைப் பறை என்று பெருமையோடு மேடையேற்றியவர்கள் அந்தத் தாளத்தைக் கீழானது என்று சொல்லவில்லை, அடிக்கவைத்த முறையைத்தான் கீழானது என்றார்கள். ஒப்பாரிக்கும் அதே நியாயம் வேண்டும்.

தாலியும் பூவும் போனதைப் பெரும் அழிவாகப் பாடிப் பாடி, கைம்மைக் கொடுமையை ஒப்பாரி நிலைநிறுத்தவில்லையா என்றும் கேட்பார்கள். பல பாட்டுகள் அப்படித்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. அந்தக் கொடுமையை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு விதமாகப் பதிவு செய்து வைத்ததும் அவைதான்.

அழுகைக்குத் தடை போட்டவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸ் நகரத்துக்குச் சோலோன் சட்டம் வகுத்தபோது, இழவில் பெண்கள் உடம்பைக் கீறிக்கொள்வதைத் தடுத்தான். கூடவே, கட்டிய புலம்பல்களைப் பாடுவதையும் தடுத்தான். கண்ணீரைச் சட்டம் தடுக்கவில்லை, கட்டிய சொல்லைத் தடுத்தது. அயர்லாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபை, இழவு வீட்டில் பாடி அழும் பெண்களை விலக்கச் சொல்லி மன்றம் மன்றமாகத் தீர்மானித்தது. தடை இல்லாமலும் சொல் கேட்கப்படாமல் போகலாம். இலங்கையின் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 அன்று கந்தசாமி கோவில் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆயிரம் நாள் தாண்டி, இரண்டாயிரம் நாளும் தாண்டியது. மடியில் படம், வாயில் பெயர், எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் கையில் ஒப்படைத்தோம் என்ற விவரம். அவர்கள் அழும் படங்கள் பத்திரிகைகளில் நிறைய வந்தன. அழும்போது சொன்ன தேதிகள் அந்த அளவுக்கு வரவில்லை.

எங்கள் ஊரில் இப்போது கேத வீட்டுக்கு ஐஸ் பெட்டி வருகிறது, ஒலிபெருக்கி வருகிறது, சில வீடுகளில் மைக் பிடித்துப் பாடும் குழு வருகிறது. அவர்கள் நல்ல குரலில் பாடுகிறார்கள். ஆனால் மூத்தவளுக்கும் இளையவளுக்கும் ஒரே பாட்டுதான். அந்தச் சத்தத்தில் வீட்டுப் பெண்கள் சொல்வது வாசலுக்குக் கேட்பதில்லை. என் அக்கா மகள் கல்லூரியில் படித்தவள். தன் அம்மாச்சி செத்தபோது வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "சொல்லணும்னு எவ்வளவோ இருந்துச்சு மாமா. ஒப்பாரி வைக்கிறான்னு சொல்லிருவாங்கன்னு பயமா இருந்துச்சு." அந்தப் பயத்தை அவளுக்கு ஊட்டியது நாம் கைவீச்சில் எறியும் அந்தச் சொல்தான்.

அன்றைக்கு மனு கொடுத்த அம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். மனுவின் நகலை வாங்கிப் பார்த்தேன். எழுதிக்கொடுத்தவர் இரண்டு வரியில் முடித்திருந்தார்: பாதை மறிக்கப்பட்டுள்ளது, அகற்றித் தர வேண்டும். பதினெட்டு மரம் இல்லை. பங்குனி இல்லை. தோளில் தூக்கிப் போனது இல்லை. க.விலக்கு தாண்டியதும் பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணிடம் அவர் பேச ஆரம்பித்தார். மேசைக்கு முன்னால் சொன்ன அதே வரிசை, ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. கண்டமனூர் போய், கடமலைக்குண்டு வருவதற்குள் முடித்துவிட்டார். கேட்டவள் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, "என்ன முள்ளு போட்டிருக்காங்க ஆத்தா, கருவையா, உடையா?" என்று கேட்டாள்.

"உடை," என்றார் அந்த அம்மா. "அவரு வேலிக்குன்னு வெட்டி வச்சிருந்த உடமுள்ளு."